மயில் சாரின் பாடத்தில் இல்லாத பல்

காரணம் இல்லாத விஷயம் என்று உலகத்தில் ஏதாவது உண்டா என்று மயில் சாரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். பிறகு, "அப்படி ஒண்ணு இருந்தா, அது அப்படி இருக்கறதுக்கும் ஒரு காரணம் இருக்கும்" என்பார். கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். வருடா வருடம் முதல் வகுப்பை மயில் தோகையில்தான் தொடங்குவார் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. இத்தனை கனமான தோகையை இழுத்துக்கொண்டும் புலி வாயில் சிக்காமல் திரிகிறேனே, என் தெம்பைப் பார் என்று ஆண் மயில் பெண் மயிலிடம் சொல்கிறதாம். அதற்குத்தான் பெண் மயில் மயங்குகிறதாம். நாம் அழகு அழகு என்று உருகுவதெல்லாம் கடைசியில் பிள்ளைகுட்டி பிழைக்க வழிகாட்டும் அடையாளம்தான் என்பது அவர் கட்சி.

சரி, அது வகுப்போடு நின்று தொலைத்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் வரும். காலண்டரில் ஏரியும் நாலு மரமும் இருந்தால், "தண்ணி இருக்கு, நிழல் இருக்கு, தூரத்துல சிங்கம் வந்தாத் தெரியும். நம்ம முப்பாட்டன் குடியிருக்க ஆசைப்பட்ட எடம் அது. அதான் கண்ணுக்கு அழகாத் தெரியுது" என்பார். மனைவி பளபளவென்று ஒரு கைப்பை வாங்கி வந்து காட்டினால், பளபளப்பு பிடிப்பது காட்டில் தண்ணீரைத் தேடி அலைந்த காலத்து மிச்சம் என்பார். பை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் அந்த வாயிலிருந்து வராது. பூ ஏன் பிடிக்கிறது? பூத்த இடத்தில் பின்னால் பழம் வரும். குழந்தையின் முட்டைக்கண் ஏன் பிடிக்கிறது? பிடிக்காவிட்டால் யார் ராத்திரி கண் விழித்து வளர்ப்பது? எல்லாவற்றுக்கும் கைவசம் சரக்கு இருந்தது.

அதிலும் ஒரு சரக்கு அவருக்குச் செல்லப்பிள்ளை. முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதுதான் அழகு என்பது அது. வளர்கிற வயதில் நோய்நொடி அண்டாத உடம்புதான் இடமும் வலமும் சமமாக வளருமாம். அதனால் சமமான முகத்தைப் பார்த்தால் நம் மனசு தன்னை அறியாமல் 'நல்ல வித்து' என்று குறித்துக்கொள்கிறதாம். இதைச் சொல்லும்போது சாருடைய சொந்த மூக்கு லேசாக வலது பக்கம் கோணியிருப்பதை யாரும் சுட்டிக்காட்டியதில்லை. மரியாதைதான்.

இதையெல்லாம் இருபத்திரண்டு வருடமாக ஒரு ஜீவன் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மனைவி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். காலை ஆறு மணியிலிருந்து பொழுது சாயும் வரை "பிரேக்! பிரேக்!" என்று கத்துவதால் ஊருக்கே அவள் பிரேக் டீச்சர். அவளுக்கு மேல்வரிசையில், இடது பக்கம், ஒரு தெத்துப்பல். பக்கத்துப் பல்லின் தோள் மேல் கை போட்டுக்கொண்டு எட்டிப் பார்க்கிற பல். இருந்தது என்று சொல்ல வேண்டும். போன மாதம் போய்விட்டது.

போன கதை இதுதான். ஓய்வு பெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர் வண்டி பழக வந்தார். எதையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் செய்கிற மனிதர். பிரேக் என்று சொன்னால், எந்தப் பிரேக், ஏன், என்று கேட்டுவிட்டு மிதிப்பார். காலி மைதானத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடி சாய்ந்திருக்கிறதே என்று டீச்சர் ஒரே ஒரு நிமிஷம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழும்பினாள். குறுக்கே பூனை. "பிரேக்!" என்றாள். அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன உடனே மிதித்தார், அதுவும் இரண்டு காலாலும். டீச்சரின் வாய் நேரே போய் டாஷ்போர்டில் மோதியது. பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்று பல் போயிற்று. முன்பல் இரண்டு, அந்தத் தெத்துப்பல் ஒன்று. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்களே, அதைப் போல பிரேக் டீச்சருக்கு 'ஸ்டியரிங்' என்று சொன்னால் காற்றுதான் வந்தது. புண் ஆறும் வரை பாலில் ஊறிய ரொட்டியும் மௌனமுமாக வீட்டில் உட்கார்ந்திருந்தாள். வாயில் எந்நேரமும் ஒரு கைக்குட்டை. மயில் சார் தம்ளரைக் கொண்டுவந்து கொடுப்பார், மருந்தை எடுத்துக் கொடுப்பார். கைக்குட்டையை அவர் முன்னால் அவள் எடுத்ததே இல்லை.

புண் ஆறியதும் பல் டாக்டர் அச்சு எடுத்துக் கொடுத்தார். கட்டுகிற வேலை கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் நீள அறையில் நடக்கும். அந்த அறையின் ராணி மயில் சாரின் சொந்த அக்கா. முப்பது வருடமாகப் பல் கட்டுகிறாள். அலமாரி முழுக்க ஊரார் தாடைகள் சுண்ணாம்பு அச்சாக அடுக்கியிருக்கும். இன்னாருக்கு ராத்திரி பல்லைக் கடிக்கும் பழக்கம், இன்னார் ஒரே பக்கமாக மெல்லுகிறவர் என்று அக்காவுக்கு எல்லாம் தெரியும். கோபமும் அதிகம், கையும் சுத்தம்.

திங்கட்கிழமை சாயங்காலம் மயில் சார் அந்த அறைக்குப் போனபோது, மனைவியின் தாடை அச்சோடு ஒரு சீட்டு ரப்பர் பேண்டில் கட்டிக் கிடந்தது. எடுத்துப் படித்தார். 'நேராக. வரிசையாக. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.' அவள் கையெழுத்து.

"அக்கா, இது என்ன?"

"ஆர்டர். படிக்கத் தெரியும்ல?"

"அந்தத் தெத்துப்பல்லு?"

"வேண்டாமாம்."

மயில் சார் சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "வேண்டாம்னா, எப்படி? அது இல்லாம அவ முகம் வேற மாதிரி ஆயிடுமே" என்றார்.

அக்கா மெழுகு உருக்கும் விளக்கைக் கீழே இறக்கினாள். "உனக்கென்னடா வந்துச்சு? உன் பாடப்படி இதுதானே அழகு? ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறே. அவளும் படிச்ச பிள்ளை மாதிரி எழுதிக் குடுத்திருக்கா. பாஸ் மார்க் போட்டுட்டுப் போ."

"நீ கொஞ்சம் சாய்ச்சு வச்சுடேன், அவளுக்குத் தெரியாம."

"வாய் யாருதோ அவங்க சொல்றதுதான் எனக்குச் சட்டம். தம்பியாவது, தும்பியாவது!" என்றாள் அக்கா. பிறகு, கொஞ்சம் இரங்கினாற்போல, விஷயத்தைச் சொன்னாள். முதலில் மெழுகுத் தட்டில் பல்லை நட்டு வைப்பாள். வியாழக்கிழமை காலை டீச்சர் வந்து வாயில் போட்டுப் பார்ப்பாள். அதுவரை எந்தப் பல்லையும் எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். "அவ சரின்னு சொல்லிட்டா, மூடிபோட்டுக் கொதிக்க வச்சுடுவேன். மெழுகு உருகிப் போயிடும், அந்த எடத்துல பிளாஸ்டிக் எறங்கி இறுகிடும். அப்புறம் நீ தலைகீழா நின்னாலும் பல்லு அசையாது. அவ மனசு மாறணும்னா வியாழக்கிழமைக்குள்ள மாத்து. மாத்தினாலும் பல்லு தெரியற பழைய போட்டோ ஒண்ணு கொண்டா. போட்டோ இல்லாம நான் தெத்துப்பல்லு வைக்க மாட்டேன். குத்துமதிப்பா வச்சா அது சினிமா வில்லன் பல்லு மாதிரி ஆயிடும்."

மூன்று நாள். அதற்குள் ஒரு பல்லைக் காப்பாற்ற வேண்டும். ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற வேலை. 'எனக்கு அந்தப் பல்லு பிடிக்கும்' என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னால் போதும், பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். ஆனால் மயில் சார் என்ன செய்தார்? ராத்திரி சாப்பாடு ஆனதும் பாடம் எடுக்க உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஒரு விஷயம். சமமா இருக்கறதுதான் அழகுன்னு சொல்றோம்ல, அதுல ஒரு நுணுக்கம் இருக்கு. மயிலை எடுத்துக்கோ. அந்தத் தோகை ஒரு பாரம். பாரத்தைச் சுமந்துகிட்டும் நல்லா இருந்தா, அதுவே தெம்புக்குச் சாட்சி. அதே மாதிரி ஒரு தெத்துப்பல்லை வச்சுகிட்டும் ஒருத்தர் ஆரோக்கியமா இருந்தா..."

அவள் கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டாள். "என் பல்லு எனக்குப் பாரமா?"

"இல்ல, இல்ல. அப்படி இல்ல. அதை விடு. இன்னொரு கோணம் இருக்கு. நெறைய தடவை பாத்த முகம் ஆபத்தில்லாத முகம்னு மூளை எடுத்துக்கும். அதனால, பழகின ஒரு குறை..."

"குறையா?"

"குறைன்னா, நான் சொல்ல வந்தது, வித்தியாசம்."

"என்னங்க, நான் ஒண்ணு கேக்கறேன். மொதல்ல நேரா இருந்தா அழகுன்னீங்க. இப்ப கோணலா இருந்தாலும் அழகுன்றீங்க. பரீட்சையில எதை எழுதினா மார்க் போடுவீங்க?" என்றாள். கேட்டுவிட்டு எழுந்து போய்த் தொட்டியில் தட்டைப் போட்டாள். தவளை தன் வாயால் கெடும். மயில் சார் தன் தியரியால் கெட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் போட்டோ தேட உட்கார்ந்தார். கையில் சாட்சி இருந்தால் பேச்சு தானாக வரும் என்பது ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. அவள் பள்ளிக்கூடக் கணக்கு வழக்குகளைப் பார்க்க வெளியே போயிருந்தாள். அலமாரியிலிருந்து ஆல்பங்களை இறக்கி, கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டினார். பல் தெரிகிற போட்டோ ஒன்றே ஒன்று கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. கல்லூரி விளையாட்டு விழாவில் நாற்பது பெண்கள் வரிசையாக நிற்க, மூன்றாம் வரிசையில் அவள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். முகம் கடுகளவு. பல்லை எங்கே அளப்பது?

கல்யாணத்துக்குப் பிறகு எடுத்தவற்றைப் புரட்டினார். மகள் பிறந்தபோது, மகளின் முதல் வகுப்பில், கடலோரத்தில், மலையில், முதல் கார் வாங்கிய அன்று, போன வருடம் மகள் வேலைக்கு வெளியூர் போகும்போது பேருந்து நிலையத்தில். எதிலும் உதடு பிரியவில்லை. சிரிக்கிறாள், ஆனால் மூடிய வாயோடு. இல்லாவிட்டால் கை வாய்மேல் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம், நானூறு போட்டோ, ஒரு பல்லும் இல்லை.

இவ்வளவு பெரிய விஷயத்தை நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று மயில் சாருக்கு வியர்த்தது. எட்டு மாதம் ஒரு காட்டில் படுத்துக் கிடந்து ஒரு சின்னப் பறவை வாலை எத்தனை தடவை ஆட்டுகிறது என்று எண்ணி எழுதியவர் அவர். வீட்டில் இருக்கும் மனுஷி வாயை மூடிக்கொண்டதை எண்ணவில்லை.

எப்போதிலிருந்து என்று ஆல்பத்தில் பின்னோக்கிப் போனார். கல்யாணமான முதல் வருடம், துறையில் எல்லோருமாகச் சாப்பிட்ட ஒரு விருந்து. நீள மேஜை, எல்லோர் கையிலும் பழரசம். அந்தப் போட்டோவைப் பார்த்ததும் அன்று பேசியது நினைவுக்கு வந்துவிட்டது. யாரோ ஒரு புதுப் பேராசிரியர், சமமான முகம் பற்றி இவர் எழுதிய கட்டுரையைப் புகழ்ந்தார். இவருக்குத் தலை கால் புரியவில்லை. எழுந்து நின்று மனைவியைக் காட்டி, "உதாரணத்துக்கு வேற எங்கயும் போக வேண்டாம். இதோ ஒரு தெத்துப்பல்லு. சயின்ஸ் படி பாத்தா நான் ஏமாந்துட்டேன்!" என்றார். மேஜையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். அதற்குப் பத்து நிமிஷம் கழித்து எடுத்ததுதான் இந்தப் போட்டோ.

ஆல்பத்தை மூடிவிட்டுக் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. அழுகை ஏன் வருகிறது என்பதற்கும் அவரிடம் இரண்டு கொள்கைகள் இருந்தன. இரண்டும் உதவவில்லை.

அவள் திரும்பி வந்ததும் எழுந்து எதிரே போய் நின்றார். மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தீர்மானம். அவளும் கைக்குட்டையோடு நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். "டீ போடவா?" என்று வந்தது.

"போடுங்க" என்றாள் அவள். போட்டார். அதில் சர்க்கரை போடவில்லை.

புதன்கிழமை கல்லூரி முடிந்ததும் அக்காவின் அறைக்கு ஓடினார். நேர்வரிசைத் தட்டு ரெடியாக மேஜையில் இருந்தது. மூன்று பல்லும் அணிவகுப்புப் போலீஸ்காரர்கள் மாதிரி நின்றன. அக்காவின் கை அக்காவின் கைதான், குறை சொல்ல முடியாது.

"போட்டோ?" என்றாள் அக்கா.

"இல்லை."

"ஒண்ணுகூடவா?"

ஏன் இல்லை என்று சொன்னார். விருந்தையும் சொன்னார், ஏமாந்துட்டேன் என்று சொன்னதையும் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டு முடித்து, "உன்னைப் பெத்தவங்களைச் சொல்லணும்" என்றாள். பிறகு, "பெத்தவங்க நல்லவங்கதான். உன்னை மட்டும் சொன்னாப் போதும்" என்றாள். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. காக்கைக்கு இருக்கற அறிவுகூடவாடா உனக்கு இல்லை? உன் படிப்பைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டு!"

"அக்கா, இன்னொரு தட்டு வை. தெத்துப்பல்லோட. அவ பாத்துட்டு எதுன்னு சொல்லட்டும்."

"எதைப் பாத்து வைக்கறது? எவ்வளவு வெளிய வந்திருந்துச்சு? எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சு? நான் அவளைப் பாக்கும்போதெல்லாம் வாயில கை. பல்லு கட்டறவ எனக்கே தெரியல. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றார் மயில் சார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இன்னொரு மெழுகுத் தட்டை எடுத்து, முன்பல் இரண்டையும் நட்டு, மூன்றாவது பல்லை அவர் முன்னால் வைத்தாள். கத்தியை விளக்கில் சூடு காட்டிக் கையில் கொடுத்தாள். "கையைச் சுட்டுக்காதே."

மயில் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். பல்லை மெழுகில் வைத்தார். எடுத்தார். கொஞ்சம் மேலே ஏற்றினார். "இது கொஞ்சம் ஒசரத்துல இருக்கும். பக்கத்துப் பல்லை மூணுல ஒரு பங்கு மறைக்கும், பாதி மறைக்காது. நுனி நேரா எறங்காது, உள்பக்கமா ஒரு திரும்பு திரும்பும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மெழுகு ஆறிப்போனது, திரும்பச் சூடாக்கினார். இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டார். முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் ஒரு மயிலையும் அவர் பேச்சில் இழுக்கவில்லை.

"அவ வாயை மூடிக்கிட்டே இருந்தாங்கறே. நீ எங்க பாத்தே?" என்றாள் அக்கா.

"வண்டியில."

அவருக்குக் கார் ஓட்ட வராது. அவளே தினமும் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுப் போவாள். பக்கத்து சீட்டில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் இறங்கிவிட்டால் அவளுக்கு உலகமே தன் மாணவர்கள். குறுக்கே புகுகிற மோட்டார் சைக்கிளைத் திட்டுவாள், சிக்னலில் தூங்குகிறவனைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பாள், லாரிக்காரனோடு கண்ணாடியை இறக்கி வாதாடுவாள். கண் ரோட்டில் இருப்பதால் கை ஸ்டியரிங்கில்தான் இருக்கும், வாய்க்கு வராது. "அந்தப் பல்லு என் பக்கம்" என்றார் மயில் சார். "தெனமும் இருபது நிமிஷம். புத்தகத்துல ஒரு பக்கம்கூடத் திருப்பினதில்ல."

அக்கா கத்தியை வாங்கி வைத்தாள். கீழ்த்தாடை அச்சை எடுத்து, பித்தளைக் கீலில் மேல்தாடையோடு பூட்டினாள். "கீழ்ப்பல்லோட ஓரத்துல ஒரு தேஞ்ச தடம் இருக்கு, பாரு. பழைய பல்லு வருஷக்கணக்கா உரசினது. நீ வச்சது பொய்யா நிஜமான்னு இது சொல்லிடும்" என்றாள். மெதுவாக மூடினாள். அவர் நட்ட பல்லின் நுனி போய் அந்தத் தடத்தில் உட்கார்ந்தது. தட்டிப் பார்த்தாள், திறந்து மூடினாள், மறுபடியும் அங்கேயே உட்கார்ந்தது. முப்பது வருடம் பல் கட்டியவள். மூக்கை உறிஞ்சினாள். "மெழுகுப் புகை" என்றாள்.

"நாளைக்கு நீ பேசி வச்சுடு அக்கா."

"நான் ஏன் பேசணும்? நாளைக்கு நான் தட்டு ரெண்டையும் வைப்பேன். பேச்சு உன்னுது. மயிலு, குயிலுன்னு ஆரம்பிச்சே, நேர்ப்பல்லைத்தான் கொதிக்க வைப்பேன். சொல்லிட்டேன்."

வியாழக்கிழமை காலை பிரேக் டீச்சர் வந்து கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போக வேண்டும். நீதிமன்ற எழுத்தர் மூன்று தடவை போன் செய்து மன்னிப்பும் கேட்டு, அடுத்த வகுப்பு எப்போது என்றும் கேட்டிருந்தார். மயில் சார் கதவோரம் நின்றார். பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற மாணவனைப் போல முழித்தார்.

"அண்ணி, இது மெழுகு, கடிக்கக் கூடாதில்ல?" என்று கேட்டாள் டீச்சர்.

"கடிக்காதே. சும்மா போட்டுப் பாரு" என்று அக்கா முதல் தட்டைக் கொடுத்தாள். டீச்சர் கணவன் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு மாட்டினாள். கண்ணாடியில் பார்த்தாள். பற்பசை விளம்பரத்தில் வருகிற வரிசை. இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பினாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் அக்கா.

"நல்லாத்தான் இருக்கு. யாரோ மாதிரி இருக்கு. ஆனா நல்லா இருக்கு." கண்ணாடி வழியாகவே கணவனைப் பார்த்தாள். "இது சரியா இருக்குல்ல? ரெண்டு பக்கமும்?"

மயில் சார் கதவை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இதுவும் ஒண்ணு இருக்கு. பாத்துடு" என்று அக்கா இரண்டாவது தட்டை நீட்டினாள்.

டீச்சர் அதை மாட்டிய உடனே கண்ணாடியைப் பார்க்கவில்லை. நாக்குதான் முதலில் போயிற்று. அந்த மூலைக்குப் போய், பல்லைத் தடவி, அதன் முதுகைத் தடவி, நின்றது. பிறகு மெல்ல வாயை மூடினாள். மேல்பல் கீழ்ப்பல்லில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது அவள் முகத்திலேயே தெரிந்தது. அப்புறம்தான் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அண்ணி, இது என் பல்லு" என்றாள். குரல் மாறியிருந்தது. "போட்டோவே கெடையாதே. எப்படி வச்சீங்க?"

"நான் வைக்கல. அங்க கதவைத் தாங்கிப் புடிச்சுகிட்டு நிக்கறானே, அவன் வச்சான். விரல்ல கொப்புளம் இருக்கும், பாரு."

டீச்சர் நாற்காலியோடு திரும்பினாள். அவர் விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "நீங்களா? எதுக்கு?"

"அது வந்து..." என்றார் மயில் சார். "மனுஷ மூளையில..."

"டேய்!" என்றாள் அக்கா.

அவர் நிறுத்தினார். கைகள் எங்கே இருப்பது என்று தெரியாமல் பேன்ட் பைக்குள் போயின, வெளியே வந்தன. இருபத்தெட்டு வருடம் வகுப்பெடுத்த வாய் ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஒருவழியாகச் சொன்னார்.

"எனக்கு அது புடிக்கும்."

"எது?"

"அந்தப் பல்லு. நீ சிரிச்சா மொதல்ல அதுதான் தெரியும். அது தெரிஞ்சா எனக்கு அன்னைக்கு நாள் நல்லா இருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அன்னைக்கு விருந்துல சொன்னது தப்பு. பெரிய தப்பு. உன்னைக் காட்டி நான் சிரிப்பு வாங்கிட்டேன். நீ அழகா இருக்கே. அப்பவும் இருந்தே, இப்பவும் இருக்கே."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கோத்து நின்றது. திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாத சிரிப்பு. வழக்கம்போல வலது கை மேலே எழும்பியது. பாதி வழியில் நின்று, மடியில் இறங்கிவிட்டது. வாய் நிறையச் சிரித்தாள்.

"சிரிக்காதடி, மெழுகு, மெழுகு! பல்லு கழண்டுக்கும்!" என்று அக்கா கத்தினாள்.

"அண்ணி, இதையே கொதிக்க வைங்க" என்றாள் டீச்சர், சிரிப்பும் அழுகையுமாக. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு என் மூணு பல்லு வேணும்னு தெரிஞ்சிருந்தா, மொத வருஷமே எங்கயாவது போய் மோதியிருப்பேனே!"